உன் ஆம்பியர் கணக்கை நீயே போடு!

“எனக்கு எங்கேண்ணே அதெல்லாம் தெரியும்? நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க!”

பேட்டரிக் கடை வாசலில் நின்று நீ சொல்லுகிற இந்த வாக்கியத்தை இன்றைக்கே தூக்கிக் கடலில் வீசு, தம்பி. வலை வாங்கும்போது இப்படிச் சொன்னதுண்டா? கண்ணி அளவு என்ன, நூல் எந்த நம்பர், ஈயம் எவ்வளவு, மிதவை எத்தனை என்று கடைக்காரரைத் துளைத்து எடுக்கிறாயே! எஞ்சின் வாங்கப் போனால் புகையின் நிறத்தைப் பார்த்தே குறையைச் சொல்லிவிடுகிறாயே! அதே வாய், 12 வோல்ட் டப்பா ஒன்றின் முன்னால் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

நீ யார் என்று நினைத்துப் பார். கரையில் தெரிகிற மாதா கோயில் உச்சியையும் அதற்குப் பின்னால் நிற்கிற மலை முனையையும் ஒரே நேரில் வைத்து, பத்துப் பாகம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாரைத் துல்லியமாகக் கண்டுபிடித்தவர்களின் பேரன் நீ. போட்ட கயிறு சாய்கிற சாய்வைப் பார்த்து நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்று சொல்லுகிறவன் நீ. கரண்ட் கண்ணுக்குத் தெரியாது என்கிறாயா? நீவாடு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறதா? கண்ணுக்குத் தெரியாததை அதன் வேலையை வைத்து அளப்பதுதானே உன் பரம்பரைத் தொழில்!

உன் ஃபைபர் போட்டில் இன்று என்னென்ன இருக்கின்றன? ஜிபிஎஸ் இருக்கிறது. எக்கோ சவுண்டர் இருக்கிறது. வயர்லெஸ் செட் இருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் வந்துகொண்டிருக்கிறது. மேலே எல்இடி விளக்கு, பாக்கெட்டில் செல்போன். இத்தனைக்கும் சோறு போடுவது அந்த ஒற்றைப் பேட்டரி. அது செத்தால் இவை எல்லாம் வெறும் பிளாஸ்டிக். ஆயிரம் ஆயிரமாய்க் கொட்டிக் கருவி வாங்கினாய். அதற்கு உயிர் கொடுக்கிற பொருளை மட்டும் அடுத்தவன் கையில் விட்டுவிட்டாய். பழைய கார் பேட்டரி ஒன்று கிடக்கிறதே, அது போதும் என்று எவனோ சொன்னான்; நீயும் தூக்கிக்கொண்டு போனாய்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர் முதலான குமரிக் கரை ஊர்கள் பட்ட பாட்டை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. உன் வயர்லெஸ் செட்டின் விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவது. சின்னப் படகின் ஆன்டெனா உயரத்துக்கு அது சில பத்துக் கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஒக்கிக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே புயல் செய்தியை வாங்கித் தருகிற கருவிகள் பேசப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் விமான நிலைய ஆணையத்தோடு சேர்ந்து 2019இல் ‘ஜெமினி’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. வானத்திலிருந்து வரும் செய்தியை அது வாங்கி, ப்ளூடூத் வழியே உன் செல்போனில் காட்டும். ஆக, கடலில் செல்போனுக்குச் சார்ஜ் என்பது சினிமா பார்க்கிற சமாச்சாரத்தோடு முடிந்துபோகிறதில்லை. போனில் இரண்டு சதவீதம் இருக்கும்போது வானத்திலிருந்து எச்சரிக்கை வந்து என்ன பயன்?

இன்னொன்றும் கேள். வயர்லெஸ் செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூடத் தின்னாது. பொத்தானை அழுத்திப் பேசுகிற நொடியில் ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். இறங்கிப்போன பேட்டரி அந்த இழுப்பைத் தாங்காது. வோல்ட் சரியும், செட் அணையும். அதாவது அடுத்த படகுக்காரன் பேசுவது உனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். 16ஆம் சேனலில் நீ வாய் திறந்து உதவி கேட்கும்போதுதான் அது உன்னைக் கைவிடும். இதைவிடக் கொடுமையான துரோகத்தை வேறெந்தக் கருவியும் செய்யாது. செய்தது கருவி இல்லை என்பதுதான் இதில் சுடுகிற விஷயம். கணக்குப் போடாமல் கடலுக்குப் போனவர்கள் நாம்.

வா, கணக்குப் போடுவோம். பயப்படாதே, ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஒவ்வொரு கருவியின் பின்னாலும் எத்தனை வாட் அல்லது எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் ஏஎச். அவ்வளவே.

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டுக் காலை ஆறுக்குக் கரை சேருகிற ஒரு படகை எடுத்துக்கொள். 14 மணி நேரம். ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் ஒரே திரையில் சேர்ந்த சின்னக் கருவி சுமார் ஓர் ஆம்பியர் எடுக்கும், 14 ஏஎச். வயர்லெஸ் கேட்பதற்கு 0.4 ஆம்பியர் வீதம் ஏறக்குறைய 6. மொத்தமாக இருபது நிமிடம் பேசினால் இன்னும் 2. பத்து வாட் எல்இடி விளக்கு இரண்டு, பத்து மணி நேரம் எரிந்தால் 17. டிரான்ஸ்பாண்டருக்கு 4 என்று வை. இரண்டு செல்போனுக்கு 5. கூட்டு. 48 ஏஎச்.

இப்போது அந்தப் பழைய கார் பேட்டரியைத் திரும்பிப் பார். அதன் மேல் 40 ஏஎச் என்று எழுதியிருக்கும், அதுவும் புதிதாக இருந்தபோது. ஈயப் பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது; இறக்க இறக்க அதன் ஆயுள் தேயும். அப்படியென்றால் உன் கையில் உள்ளது வெறும் 20. நள்ளிரவுக்கு முன்பே அது தீர்ந்துவிடும். மீன் ஏறுகிற நேரத்தில் எக்கோ சவுண்டர் திரை மங்கியதற்கு நீ திரையைத் திட்டினாய், கம்பெனியைத் திட்டினாய், போன வாரம் கடந்துபோன பூனையையும் திட்டியிருப்பாய். காரணம் ஒரு கூட்டல் கணக்கில் இருந்தது.

48 வேண்டுமென்றால் ஈயப் பேட்டரியில் 100 ஏஎச் குறைந்தபட்சம். பேட்டரிக்கும் வயதாகும், காற்று மாறினால் கரை சேரத் தாமதமாகும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 120 என்று கேள். இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போ. உன் குரலே மாறியிருக்கும். (எழுதப் பொறுமை இல்லையென்றால் வீட்டில் அக்காவிடமோ அம்மாவிடமோ கொடு. ஏலக் கணக்கையும் குழுக்கடன் வட்டியையும் விரல் நுனியில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கூட்டல் ஒரு பொருட்டா?)

அடுத்தது இனம். எல்லாப் பேட்டரியும் ஒன்றில்லை. கார், லாரி எஞ்சினின் செல்ஃபைச் சுழற்றுவதற்காகச் செய்த பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நெருக்கமாக இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பிறகு ஆல்டர்னேட்டர் உடனே அதை நிரப்பிவிடும். அதுதான் அதன் பிறவிக் குணம். அதை இரவெல்லாம் மெதுவாக உறிஞ்சுவது, நூறு மீட்டர் ஓட்டக்காரனைக் கூட்டிவந்து விடியும்வரை கரைவலை இழுக்கச் சொல்வதைப் போல. தடித்த தகடுகொண்ட டீப் சைக்கிள் பேட்டரியைக் கேள். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் விற்கிற டியூபுலர். வாங்கும்போது சோலாருக்கானதா என்று பார். சோலார் பேட்டரிக்குப் பத்து மணி நேரத்தில் தரக்கூடிய அளவை எழுதுவார்கள். மற்றவற்றுக்கு இருபது மணி நேரத்தில் தருவதை எழுதுவார்கள். மெதுவாக எடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், இருபது மணிக் கணக்கில் 100 என்று எழுதியது உன் அவசரத்துக்கு 100 தராது. பெரிதாக அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் சி10, சி20 என்று பொடியாக ஓர் எழுத்து இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிறவனைக் கடைக்காரர் ஏமாற்ற மாட்டார்.

விசைப்படகுக்காரருக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் கொடுத்திருப்பீர்கள். கருவிகளுக்கு 12 வேண்டும் என்று அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்திருந்தால், அதை இன்றே பிடுங்குங்கள். ஒன்று இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகக் கருதியே ஏற்றும். நிறைந்தது கொதித்துச் சாகும், இறங்கியது பட்டினியில் சாகும். கருவிகளுக்குத் தனிப் பேட்டரி வையுங்கள். இல்லையென்றால் 24ஐ 12ஆக மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் வையுங்கள். தனிப் பேட்டரியே மேல் என்பது என் கட்சி. இரவெல்லாம் விளக்கு எரிந்த பிறகும் காலையில் எஞ்சின் பிடிக்க வேண்டுமே!

லித்தியம் வாங்கலாமா என்று கேட்பாய். தாராளமாகக் கேள். 48ஐ லித்தியத்தில் எடுக்க 60 ஏஎச் போதும், ஏனென்றால் அதில் எண்பது சதவீதம்வரை கூச்சமில்லாமல் எடுக்கலாம். அதே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினாலும் 72தான். 100 ஏஎச் ஈயப் பேட்டரியே முப்பது கிலோவை ஒட்டி வரும், டியூபுலர் இன்னும் கனம். 100 ஏஎச் லித்தியம் பத்திலிருந்து பதின்மூன்று கிலோ. சூடுமணலில் தினமும் தோளில் சுமந்து வீட்டுக்கும் கரைக்கும் நடக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் புரியும். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். ஆனால் பாதிவரை இறக்கி ஏற்றுகிற ஈயம் சில நூறு சுற்றிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் தாங்கும் இடத்தில், இது இரண்டாயிரம் மூவாயிரம் சுற்று தாங்கும். விலையைச் சுற்றால் வகுத்துப் பார். அதுவும் வகுத்தல் கணக்குத்தான்.

எந்த லித்தியம் என்பதில் ஏமாறாதே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. இதன் வேதியியல் மற்ற லித்தியங்களைவிடச் சூட்டைப் பொறுக்கும், எளிதில் தீப்பிடிக்காது. பழைய மின்ஸ்கூட்டரிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கட்டி மலிவாகத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால், நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவாய் என்று உன்னையே கேட்டுக்கொள். 100 ஏஎச் எல்எஃப்பிக்குள் நான்கு செல் இருக்கும், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், அந்தச் செல்களே எட்டுக் கிலோவை ஒட்டி வரும். ஆகவே மொத்தமே ஐந்தாறு கிலோ இருக்கிற பெட்டியில் 100 என்று ஒட்டியிருந்தால் அது பொய். தராசு வைத்து மீன் விற்கிற ஊரில் பேட்டரியை நிறுத்துப் பார்க்க ஏன் வெட்கம்?

இந்த எல்எஃப்பியின் கதையைக் கேட்டால் உனக்குள் நெருப்புப் பற்றும். சின்ன வயதில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறிய ஒரு அமெரிக்கப் பையன், ஜான் குடினஃப். அவர் 74 வயதில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1997இல், இந்தப் பாஸ்பேட் பொருளைப் பற்றிய கட்டுரை வந்தது. கூட எழுதியவர்களில் பாடி, நஞ்சுண்டசாமி என்று இரண்டு இந்தியப் பெயர்கள். லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019இல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. எழுத்தே வசப்படாத பையன் தொண்ணூற்றேழு வயதில் ஸ்டாக்ஹோம் மேடை ஏறினார். இருபத்தைந்து வயதில் “இனிமேல் எங்கே படிக்கிறது” என்று நீ கொட்டாவி விடுகிறாய்!

டெக்சாஸ் தூரம் என்றால் காரைக்குடி பக்கம்தானே. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அள்ளிக் கொடுத்ததால் நம் மண்ணுக்கு வந்தது அது. பேட்டரி ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. தொண்டிக் கரையிலிருந்து தேவகோட்டை வழியாகப் போனால் வந்துவிடும். கடல் உப்பு இரும்பை ஏன் தின்கிறது, ஈயத்தில் கரண்ட் எப்படித் தங்குகிறது என்று விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்து யோசிக்கிற இடம் உன் கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது. உன் பிள்ளை அங்கே போய் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

சரி, பேட்டரியை வாங்கிவிட்டாய். வளர்க்க வேண்டாமா?

ஈயப் பேட்டரிக்கு அவசரம் பிடிக்காது. 100 ஏஎச்சுக்கு 10 ஆம்பியர் வீதம் ஏற்று. கடைசி இருபது சதவீதம் நத்தையாய் நகரும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். காலை ஆறுக்கு வந்து மாலை நான்குக்குத் திரும்பப் போகிறவனுக்கு அது மட்டுமட்டு. நடுவில் கரண்ட் கட் என்றால் அரைகுறைதான். எல்எஃப்பியோ 20 ஆம்பியர் சார்ஜரில் இரண்டரை மணி நேரத்தில் அதே 48ஐ வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கென்று செய்த சார்ஜராக இருக்க வேண்டும். ஈயத்துக்கான பழைய சார்ஜரை மாட்டாதே. பகலில் கரையில் நிற்கிற படகுக்கு 100 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் இருபத்தைந்து முப்பது ஏஎச் தந்துவிடும். மேலே படியும் உப்பை மட்டும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடு.

ஈயம் இறங்குவதை வோல்ட் மீட்டர் காட்டிக்கொடுக்கும். எதுவும் ஓடாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6க்கு மேல் என்றால் நிறைவு; 12.2 என்றால் பாதி, 11.9க்கு வந்தால் காலி. எல்எஃப்பி இப்படி நேர்மையாகப் பேசாது. கடைசிவரை 13ஐ ஒட்டியே நின்றுவிட்டு, உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் திடீரென்று கதவைச் சாத்திவிடும். அதனால் உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணுகிற மீட்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டு. தனிப் பேட்டரியுள்ள கைவயர்லெஸ் ஒன்றும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் படகில் இருக்கட்டும்.

வயரில் கஞ்சத்தனம் பண்ணாதே. ஐந்து மீட்டர் தள்ளியிருக்கிற வயர்லெஸுக்கு ஒரு எம்எம் வயர் இழுத்தால், போக வரப் பத்து மீட்டர். பேசும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். இரண்டரை எம்எம் என்றால் அரை வோல்ட்டுக்குள் நின்றுவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விடாதே, வெறும் செம்பை உப்புக்காற்று கறுப்பாக்கிவிடும். பியூஸைப் பேட்டரியை ஒட்டியே வை. கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும். டெர்மினலில் பூக்கிற வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து வேஸ்லின் தடவு.

பேட்டரியை மூடியுள்ள பெட்டியில், படகின் அடியில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில், பெரிய அலையிலும் நகராதபடி வாரால் கட்டு. பெட்டியில் காற்றுப் போக வழி விடு: சார்ஜ் ஏறும்போது ஈயப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் அது நான்கு சதவீதத்தைத் தொட்டாலே ஒரு பீடிப் பொறி போதும். திறந்த வகை ஈயப் பேட்டரிக்குள் கடல்தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும். மூச்சை அடைக்கிற விஷம் அது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலையைப் பின்னுகிறாய், படகுக்குச் சாயம் அடிக்கிறாய், பேட்டரியை மட்டும் மறந்துவிடுகிறாய். அறுபத்தொரு நாள் பாதி வயிற்றோடு கிடக்கிற ஈயப் பேட்டரியின் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுப் படியும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. நிரப்பி வை, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்று. ஜூன் 15 அதிகாலையில் துறைமுகமே புறப்படும்போது மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே.

கடைக்குப் போகிறாயா, சீட்டை எடு. டீப் சைக்கிளா? எத்தனை ஏஎச், சி10ஆ சி20ஆ? எந்த மாதம் செய்தது? கனம் என்ன? படகில் வைத்தால் வாரண்டி உண்டா இல்லையா, அதை எழுதித் தருவீர்களா? மல்டிமீட்டர் வைத்து என் முன்னால் காட்டுங்கள். பதில் சொல்ல மறுக்கிற கடையிலிருந்து எழுந்து வா. அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துப் பில்லில் கழிக்கச் சொல். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. கொல்லையில் உடைத்து ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் விரட்டிவிடு. அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளைக்குள் போய் உட்காரும், திரும்ப எடுக்க முடியாது. வலைக்குண்டு கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.